வரத்து இருந்தால் போதுமா?

வீட்டு அங்கணம் அடைத்துக்கொண்ட அனுபவம் இல்லாத சகோதரி யாராவது உண்டா? குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. போகத்தான் வழியில்லை. ஐந்து நிமிஷத்தில் அடுப்படி வரைக்கும் தண்ணீர் ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் குழாயைத் திட்டிப் பிரயோஜனம் என்ன?

எங்கள் திருப்பரங்குன்றத்தில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். ஊரை ஒட்டித் தென்கால் கண்மாய் இருக்கிறது. வைகைத் தண்ணீர் வந்து நிறைகிற கண்மாய். இன்று அந்தப் பக்கம் வயல்களைவிட வீடுகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஆனாலும் பழைய சம்சாரி ஒருவர் சொன்னது என் காதில் இருக்கிறது: "வரத்துக்கால் இருந்தா மட்டும் போதுமா தாயி? வடிகால் வேணும்ல! தண்ணி நின்னா நாத்து அழுகிப் போகும்."

இந்த வாரம் நான் சொல்ல வந்தது கண்மாய்ச் சமாசாரம் அல்ல, ஆஸ்பத்திரிச் சமாசாரம். ஆனால் அந்தச் சம்சாரி சொன்ன வார்த்தையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மதினியின் வெற்றிலைப் பெட்டி

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஓர் அம்மாள் இருக்கிறார். உறவு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் வந்த நாளிலிருந்து "மதினி" என்று கூப்பிட்டே பழக்கம். ஜாக்கெட் தைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். தையல் மிஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பெட்டி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

கீழ்த்தாடை ஓரமாக ஒரு புண் வந்தது. "பல்லு குத்திருச்சு" என்றார். கிராம்பு வைத்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மாதம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. காரம் பட்டால் எரிகிறது, வாய் முழுசாகத் திறக்க வரவில்லை என்ற பிறகுதான் அவர் மகள் பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துப் போனாள். சதையில் துளி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று நோய். தாடை எலும்பு வரைக்கும் போய்விட்டது.

"தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும்" என்றார் டாக்டர். மதினி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எடுத்த இடத்துல என்ன வைப்பீங்க? பள்ளமா விட்டுட்டா நான் எப்படிங்க நாலு பேர் முன்னால உக்காந்து சோறு திங்கிறது?"

டாக்டர் சொன்ன பதிலைக் கேட்டு எங்களுக்குத் தலை சுற்றியது. "உங்க காலிலிருந்து ஒரு எலும்பை எடுத்துத் தாடையாகச் செய்து வைத்துவிடலாம்மா!"

பதியனும் போத்தும்

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள். தடித்தது ஒன்று, அதுதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பக்கத்தில் குச்சி மாதிரி இன்னொன்று. முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் கொஞ்சம் விட்டுவிட்டு அந்தக் குச்சி எலும்பின் நடுப்பகுதியை எடுத்துவிட்டால் நடக்கத் தடையில்லை. அதைத் தாடையின் வளைவுக்குத் தக்கபடி வெட்டி, தகடு வைத்துப் பொருத்துகிறார்கள். மேலே ஒட்டியிருக்கிற தோல் வாய்க்குள்ளே கன்னத்தின் உட்புறமாகிவிடுகிறது. நியூயார்க்கில் ஹிடால்கோ என்ற டாக்டர் 1989-ல் இந்த முறையைத் தாடைக்குச் செய்து எழுதிய பிறகு உலகம் முழுவதும் பரவியது.

வெறும் எலும்பை வைத்தால் அது பிழைக்குமா? பிழைக்காது. ரத்தம் வேண்டும். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

உடம்பின் ஓரிடத்துச் சதையை இன்னோர் இடத்தில் வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு ஒரு சங்கதி வந்தது. திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில் ஆங்கிலேயர் சேனைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரின் மூக்கை எதிரிகள் அறுத்துவிட்டார்கள். நம் நாட்டு வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்குச் செய்துவிட்டார்! ஆனால் அந்தத் தோலை அவர் முழுசாக வெட்டி எடுக்கவில்லை. ஒரு முனை நெற்றியோடு ஒட்டியே இருந்தது. புது இடத்தில் பிடித்துக்கொண்ட பிறகுதான் அந்த முனையை அறுத்தார்கள்.

மல்லிகைக்குப் பதியன் போடுகிறோமே, அதே யுக்தி. தாய்ச் செடியோடு ஒட்டிய கொப்பை வளைத்து மண்ணில் புதைக்கிறோம். வேர் விட்ட பிறகே அறுக்கிறோம். அது வரைக்கும் தாய்தான் அதற்குச் சோறு போடுகிறது.

காலிலிருக்கிற எலும்பைத் தாடைக்கு அப்படி வளைக்க முடியுமா? முழுசாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டர்கள் இதை 'ஃப்ரீ ஃப்ளாப்' என்கிறார்கள். நாம் 'மடல்' என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மடலோடு ஒரு தமனியும் ஒன்றிரண்டு சிரைகளும் தொங்கிக்கொண்டு வரும். தமனி என்பது இருதயத்திலிருந்து ரத்தம் கொண்டு வரும் குழாய். சிரை என்பது திருப்பிக் கொண்டு போகும் குழாய். அவற்றைக் கழுத்திலுள்ள ஒரு தமனியோடும் ஒரு சிரையோடும் தைத்து இணைத்துவிட வேண்டும். போத்து நட்டால் வேர் விடும் வரை காத்திருக்கலாம். மடல் காத்திருக்காது. அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், வரத்தும் வேண்டும், வடிகாலும் வேண்டும்.

எம்ப்ராய்டரிக்காரி சொல்லிக் கொடுத்த பாடம்

இந்தக் குழாய்களைத் தைப்பது எப்படி? கேளுங்கள், தையல் தெரிந்த சகோதரிகளுக்குப் பெருமையான கதை இது.

1894-ல் பிரான்ஸ் நாட்டின் ஜனாதிபதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயிற்றுக்குள் ஒரு பெரிய சிரை அறுந்துவிட்டது. அதைத் தைக்க அன்றைய டாக்டர்களுக்கு வழி தெரியவில்லை. அதே ஊரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸிஸ் காரெல் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. துணியைத் தைக்க முடிகிறபோது குழாயை ஏன் தைக்க முடியாது என்று யோசித்தார். ஊரிலேயே கைதேர்ந்த எம்ப்ராய்டரிக்கார அம்மாள் ஒருவரிடம் போய் மெல்லிய ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார்!

ஜாக்கெட் கையைத் தைக்கும்போது அடித் துணியும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறதல்லவா? குழாயிலும் அதே தொல்லை. காரெல் என்ன செய்தார்? குழாயின் வட்ட வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு பக்கமாக நேராகத் தைத்துவிடலாம். எதிர்ப் பக்கம் மாட்டாது. 1902-ல் இதை எழுதினார். 1912-ல் நோபல் பரிசு வந்தது.

பிறகு 1960-ல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸன் என்பவர் மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்களைத் தைத்துக் காட்டினார். 1973-ல் ஆஸ்திரேலியாவில் டேனியலும் டெய்லரும் தொடைக்கு மேலே இடுக்கிலிருந்த தோலை முழுசாக அறுத்தெடுத்துக் காலில் வைத்துப் பிழைக்க வைத்ததைப் பிரசுரித்தார்கள். நம் தமிழ்நாடு பின்தங்கிவிடவில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி இந்த நுண் சிகிச்சையை வளர்த்தார். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதியின் பிரிவுக்கு வெளிநாட்டு டாக்டர்களும் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இதற்கான நைலான் நூல் நம் தலைமுடியைவிட மெல்லியது. ஒரு குழாய்க்கு எட்டு, பத்துத் தையல். சிரைக்கு மட்டும் இப்போது இன்னொரு சாதனமும் உண்டு. முள் வைத்த இரண்டு சின்ன வளையங்கள். இரண்டு சிரைகளின் வாயையும் வளையத்தில் விரித்து மாட்டி அழுத்தினால், பிரஸ் பட்டன் மாதிரி சேர்ந்துகொள்ளும்.

எந்தச் சிரை?

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் தமனியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "தமனி சுவர் தடிமன், உள்ளே வேகமும் உண்டு. எங்களைத் தூங்க விடாமல் அடிப்பது சிரைதான்" என்றார்.

காரணம் இதுதான். தமனியில் இருதயம் தள்ளிவிடுகிற வேகம் இருக்கிறது. சிரையில் அந்த வேகம் இல்லை. ரத்தம் மெதுவாக ஓடுகிறது. அதன் சுவரும் மெல்லியது. லேசாக அழுத்தினால் தட்டையாகிவிடும். கொஞ்சம் முறுக்கினால் மடங்கிவிடும். ஓட்டம் நின்ற இடத்தில் ரத்தம் உறைந்துவிடும். அதனால் மடல்கள் கெட்டுப்போகும்போது தமனியைவிடச் சிரை அடைத்துக்கொள்வதே அதிகம். அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்.

ஆகவே கழுத்தைத் திறந்ததும் டாக்டர் சிரைகளை வரிசையாகப் பார்க்கிறார். பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி ஆயிரம் பொருத்தம்! மடலின் சிரையும் கழுத்துச் சிரையும் ஏறக்குறைய ஒரே பருமனா? நீளம் சரியா? குறைந்தால் இழுபடும், அதிகமானால் மடங்கும். சுவர் மிருதுவாக இருக்கிறதா? முன்பே ரேடியம், கதிர் சிகிச்சை என்று எதுவும் பட்டு நார் மாதிரி ஆகியிருக்கிறதா? வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து ரத்தம் சுலபமாக வருகிறதா? கழுத்தைத் திருப்பினால் எதன் மீதாவது அழுந்துமா?

கழுத்தில் மூன்று வகைச் சிரைகள் முக்கியம். முகத்திலிருந்து இறங்குகிற சிரை ஒன்று. அது தாடைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சௌகரியம். ஆனால் நோயுள்ள நெறிகளை எடுக்கும்போது அதுவும் போய்விடலாம். இரண்டாவது, தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிற வெளிக் கழுத்துச் சிரை. யாராவது உரக்கக் கத்தினால் கழுத்தில் புடைத்துக்கொண்டு தெரியுமே, அதுதான். எடுக்கச் சுலபம், நீளமும் கிடைக்கும். ஆனால் மேலாக இருப்பதால் ஒரு கட்டு இறுகினாலும் அழுந்தும். மூன்றாவது, உள்ளே ஆழத்தில் இருக்கிற பெரிய சிரை. மூளையிலிருந்து வருகிற ரத்தமெல்லாம் அதில்தான் இறங்குகிறது. நாம் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அதிலுள்ள ரத்தமும் நெஞ்சுக்குள் இழுபடுகிறது. அதை வெட்ட வேண்டியதில்லை; பக்கச் சுவரில் ஒரு துவாரம் செய்து மடலின் சிரையை அதில் தைத்துவிடலாம். பெரிய வாய்க்காலின் கரையில் சின்ன வாய்க்காலைக் கொண்டு வந்து சேர்ப்பது போல.

ஒரு சிரை போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஒன்று அடைத்தால் மற்றொன்று காக்கும் என்கிறது ஒரு கட்சி. நல்ல சிரை ஒன்றை நன்றாகத் தைத்தால் போதும்; இரண்டாகப் பிரித்தால் ஓட்டத்தின் வேகம் குறையும் என்கிறது மற்றது.

கழுத்தில் ஒன்றுமே உபயோகப்படாமல் போனால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தோளிலிருந்து கை வரை வெளிப்புறமாக ஓடுகிற சிரையைக் கீழே அறுத்து, காறை எலும்புக்கு மேலாகக் கழுத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

இந்த இடத்தில் என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மதினியின் ஒரு கையில் 'இதில் ஊசி போடக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மற்றக் கையில் இடம் கிடைக்காமல் நர்ஸ் பெண் இரண்டு முறை குத்தினாள். "நல்ல கை சும்மாதானே இருக்கு, இந்தக் கையைப் போட்டு ஏன் படுத்தற?" என்று அவளைக் கோபித்துக்கொண்டேன். அவசரத்துக்கு என்று பத்திரப்படுத்தி வைத்த சிரை அந்தக் கையில்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஊசி குத்திய சிரை வீங்கிக் கெட்டுப்போகும் அல்லவா?

இரண்டாம் ராத்திரி

ஆபரேஷன் பதினொரு மணி நேரம் நடந்தது. வெளிக் கழுத்துச் சிரை பருமனும் நீளமும் பொருத்தமாக இருந்ததால் அதிலேயே இணைத்தார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் துவாரம் போட்டிருந்ததால் மதினியால் பேச முடியாது. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுத்திருந்தோம். அவர் முதலில் எழுதியது என்ன தெரியுமா? "மேல வீதி டீச்சர் ஜாக்கெட்டு வெட்டி வச்சிருக்கு. யாரும் தொடாதீங்க."

ஒரு மணிக்கு ஒரு தடவை அந்த நர்ஸ் பெண் வருவாள். டார்ச் அடித்து வாய்க்குள் புதுத் தோலைப் பார்ப்பாள். விரலால் தொட்டுச் சூடு பார்ப்பாள். அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று எண்ணுவாள். இரண்டாம் ராத்திரி மூன்று மணி. டார்ச் அடித்தவள் நகரவில்லை. மறுபடி அடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மாலையில் ரோஜா நிறமாக இருந்த தோல் நாவற்பழச் சாறு தடவிய மாதிரி இருந்தது. உப்பியும் இருந்தது.

அவள் ஊசி முனையால் லேசாகக் குத்தினாள். கறுப்பு ரத்தம் குபுக்கென்று வந்தது. தமனி அடைத்திருந்தால் தோல் வெளுத்துக் குளிர்ந்து போகும், குத்தினாலும் ரத்தம் வராது. இது நேர்மாறு. வரத்து இருக்கிறது, வடிகால் அடைத்துவிட்டது! செல்போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். விடியட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. நாலேகாலுக்கு மதினி மறுபடியும் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். அவர் மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துவிட்டது.

வீக்கம் ஏறியதில் சிரை ஓரிடத்தில் மடங்கி, அங்கே ரத்தம் உறைந்திருந்தது. உறைந்ததைக் கழுவி எடுத்தார்கள். மடலின் சிரையைக் கத்தரித்து, இந்தத் தடவை ஆழத்திலிருக்கும் பெரிய சிரையின் பக்கத்தில் இணைத்தார்கள். எட்டு மணிக்கு வெளியே வந்த டாக்டர், "நிறம் திரும்பிவிட்டது" என்றார். "நேற்றுத் தேர்ந்தெடுத்ததும் நல்ல சிரைதான். ஆனால் நேற்று பார்த்த கழுத்து வேறு, வீங்கிய பிறகு இருந்த கழுத்து வேறு. அந்தப் பெண் ஆறு மணிக்குக் கூப்பிட்டிருந்தால் நான் வந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்று சொன்னார்.

நான் கோபித்துக்கொண்ட பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா. எல்லாரும் கேக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.

நம்மால் ஆகக்கூடியது

நல்ல ஆஸ்பத்திரிகளில் இன்று நூறு மடல்களில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கின்றன. அதில் நம் பங்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு சிகிச்சை என்றால் சில விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஊசி போடக் கூடாது என்ற கை, காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆபரேஷன், கதிர் சிகிச்சை, காலில் ரத்தம் உறைந்தது போன்ற எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிரையைத் தேர்ந்தெடுக்கும்போது அது ஒவ்வொன்றும் கணக்கில் வரும். புகை பிடிக்கிறவரானால் முன்னும் பின்னும் அறவே நிறுத்த வேண்டும். கழுத்தைச் சுற்றி நாடா, தாயத்து, துண்டு எதுவும் இறுக்கமாக இருக்கக் கூடாது. டாக்டர் சொன்ன பக்கமே தலை இருக்கட்டும். தலையணையை நம் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டாம். நிறம் மாறினால், உப்பினால், உடனே கூப்பிடுங்கள். ராத்திரியாயிற்றே, தொந்தரவு செய்யலாமா என்று தயங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல் இவற்றில் எது இருந்தாலும் கிராம்பை நம்பாதீர்கள். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்கிற சகோதரிகளுக்கும் சொல்கிறேன். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்று நோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே வெளியிட்டுவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது 1954-ல். நம் மதுரை மருத்துவக் கல்லூரி பிறந்ததும் அதே வருஷம். வைத்தியம் நம் வாசலுக்கு வந்து எழுபது வருஷமாகிறது. நாம்தான் மூன்று மாதம் கழித்துப் போகிறோம்.

மதினி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். கீழுதடு கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. 'ழ' சரியாக வரவில்லை. முறுக்குக் கடிக்க முடியாது. இட்லியும் குழைந்த சோறும் சாப்பிடுகிறார். நாலு பேர் முன்னால் உட்கார்ந்துதான். மாடிப்படி ஏறும்போது அறுத்த கால் கொஞ்சம் கனக்கிறதாம். பழைய வெற்றிலைப் பெட்டி தையல் மிஷின் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. உள்ளே ஊக்கும் கொக்கியும் பட்டனும் போட்டு வைத்திருக்கிறார்.

போன வாரம் என் ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தபோது சொன்னார்: "அந்த டாக்டர் தம்பி முதல் தையலைப் பிரிச்சுட்டு மறுபடி தச்சாராம்ல? பிரிக்கத் தெரிஞ்சவன்தான் நல்ல தையக்காரன்."

இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தரம் வாயைத் திறந்து பாருங்கள், சகோதரிகளே. ஒரு நிமிஷ வேலைதான்.